நடை ‘ஒத்துப்போகிறது’ என்றால் என்ன?

குற்றச் செய்திகளில் அவ்வப்போது இப்படி ஒரு வரி கண்ணில் படும்: “சிசிடிவி காட்சியில் தெரியும் நபரின் நடையும் கைதானவரின் நடையும் ஒத்துப்போவதாகத் தடயவியல் அறிக்கை கூறுகிறது.” படித்தவுடன் கைரேகையே சிக்கிவிட்டது போல மனதில் பதிந்துவிடும். ஆள் மாட்டிக்கொண்டான், இனி தீர்ப்புதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். ஆனால் கைரேகையில் சொல்லும் ‘ஒத்துப்போகிறது’ வேறு, நடையில் சொல்லும் ‘ஒத்துப்போகிறது’ வேறு. அந்த வித்தியாசம் புரிய வேண்டுமென்றால், நடை என்று எதைச் சொல்கிறார்கள் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். கால்தடம் வேறு, நடை வேறு. மண்ணில் பதிந்த பாதத்தின் அளவு, செருப்பின் அடிப்பகுதித் தேய்மானம், இரண்டு தடங்களுக்கு இடையே உள்ள தூரம் இவையெல்லாம் கால்தடத்தில் சேரும். நாம் பேசப்போவது உடம்பு அசையும் விதம். தரையில் எதுவும் மிஞ்சாது, வீடியோவில் மட்டும்தான் இருக்கும். முகமூடி, தொப்பி, கையுறை என்று எல்லாவற்றையும் போட்டு மறைத்துக்கொண்டு வந்தவனும் அந்த இடத்துக்கு நடந்துதானே வந்தாக வேண்டும்? புலனாய்வாளர்களுக்கு நடைமேல் ஆசை வந்ததன் காரணம் அவ்வளவுதான்.

ஒரு சுழற்சி

வலது குதிகால் தரையைத் தொடுகிறது. உடம்பின் எடை அந்தக் காலுக்கு மாறுகிறது, குதிகால் எழும்புகிறது, கடைசியாகப் பெருவிரல் தரையை விடுகிறது. கால் முன்னால் வீசப்பட்டு மறுபடியும் அதே குதிகால் தரையைத் தொடுகிறது. இதுதான் ஒரு நடைச் சுழற்சி. சாதாரண வேகத்தில் நடக்கும் வளர்ந்த ஒருவருக்கு இது முடியக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். அதில் ஏறக்குறைய 60 சதவீதம் கால் தரையில் ஊன்றியிருக்கும் நேரம், 40 சதவீதம் காற்றில் வீசும் நேரம். கூட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். இரண்டு காலுக்கும் இதே கணக்கு என்றால், ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது நேரம் இரண்டு கால்களுமே தரையில் இருந்தாக வேண்டும். அந்த நேரம் இல்லாமல் போனால் அது நடை இல்லை, ஓட்டம்.

எல்லோருக்கும் அடிப்படை இதுதான். வித்தியாசம் எங்கே வருகிறது? எலும்புகளின் நீளம், இடுப்பு மூட்டு திரும்பியிருக்கும் கோணம், தசைகளின் பலம், என்றோ முறிந்து கூடிய கணுக்கால், வருடக்கணக்கில் ஒரே தோளில் பை மாட்டிய பழக்கம், உடல் எடை, வயது. இவையெல்லாம் சேர்ந்து ஒருவரின் நடையை உருவாக்குகின்றன. ஒருவருக்குப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், இன்னொருவருக்கு உள்பக்கம். சிலருக்கு முழங்கால்கள் வில்லாக வளைந்திருக்கும், சிலருக்கு ஒன்றோடொன்று உரசும். ஒருவர் காலை நேராக வீசாமல் பக்கவாட்டில் அரைவட்டம் போட்டுக் கொண்டுவருவார். எடை ஏறும்போது இடுப்பு ஒரு பக்கம் இறங்கும். ஒரு கை நன்றாக வீசும், மற்றது உடம்போடு ஒட்டியே இருக்கும். தலை உடம்புக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நிபுணர் பார்ப்பது இந்த மாதிரி விஷயங்களைத்தான்.

இதில் எந்த ஒன்றும் அபூர்வம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பாதம் வெளிப்பக்கம் திரும்பியவர்களை ஒரு பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் டஜன் கணக்கில் பார்க்கலாம்.

நமக்கு எவ்வளவு தெரியும்?

தூரத்தில் வருபவரை முகம் தெரியும் முன்பே நடையை வைத்து அடையாளம் சொல்லிவிடுகிறோம். மாடிப்படியில் கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்தே யார் வருவது என்று சொல்கிற வீடுகள் உண்டு. ஆகவே நடை ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது நம் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973-ல் ஒரு அழகான சோதனையை வெளியிட்டார். நடப்பவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் மட்டும் வெளிச்சப் புள்ளிகள். மற்றதெல்லாம் இருட்டு. புள்ளிகள் அசையாமல் இருக்கும்வரை பார்ப்பவருக்கு எதுவும் புரியாது. அசைய ஆரம்பித்தால் போதும், ஒரு மனிதன் நடக்கிறான் என்று உடனே சொல்லிவிடுவார்கள். அதற்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே போதும் என்று அவருடைய பிந்தைய ஆய்வு காட்டியது.

சரி, மனிதன் நடக்கிறான் என்று தெரிகிறது. எந்த மனிதன் என்று தெரியுமா? 1977-ல் அமெரிக்காவில் கட்டிங், கோஸ்லோவ்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கேட்டார்கள். ஒன்றாகப் பழகும் ஆறு நண்பர்களை இதே மாதிரி புள்ளிகளாக்கி நடக்கவிட்டு, நடப்பது யார் என்று அவர்களிடமே கேட்டார்கள். சரியாகச் சொன்னது 38 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னாலே ஆறில் ஒன்று, அதாவது சுமார் 17 சதவீதம் சரியாக வந்திருக்கும். ஆக, நடையில் ஆளைப் பற்றிய தகவல் நிச்சயம் இருக்கிறது. ஆனால் தினமும் பார்த்துப் பழகிய ஆறே பேருக்குள்ளும் அது பாதிக்கு மேல் தவறிவிட்டது. தூரத்தில் வரும் நண்பரை நாம் அடையாளம் காணும்போது நடை மட்டுமா வேலை செய்கிறது? அவர் உயரம், சட்டை, வழக்கமாக வரும் நேரம், வரும் திசை எல்லாம் சேர்ந்துதான் பெயரைச் சொல்ல வைக்கின்றன. பெருமை மட்டும் நடைக்குப் போகிறது.

மருத்துவமனையிலிருந்து நீதிமன்றத்துக்கு

நடையை அளந்து பார்க்கும் கலை காவல்துறைக்காகப் பிறந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பிரான்சின் எத்தியென் ஜூல் மாரே கறுப்பு உடைமேல் வெள்ளைக் கோடுகள் போட்ட மனிதர்களை நடக்கவிட்டுப் படம் எடுத்தார். 1964-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் மேரி பாட் மர்ரே என்ற ஆய்வாளர் 20 முதல் 65 வயது வரையிலான 60 ஆரோக்கியமான ஆண்களின் நடையை அளந்து வெளியிட்டார். இயல்பான நடை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே பக்கவாதம் வந்தவரின் நடையிலோ மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் நடையிலோ எது கெட்டிருக்கிறது என்று சொல்ல முடியும்? அறுவைச் சிகிச்சை தேவையா, செயற்கைக் கால் சரியாகப் பொருந்துகிறதா என்று முடிவு செய்ய இன்றும் இந்த அளவீடுகள் உதவுகின்றன.

குற்ற வழக்குகளில் சாட்சி சொல்ல வந்தவர்களில் பலர் இந்த மருத்துவப் பின்னணியிலிருந்துதான் வந்தார்கள், முக்கியமாகப் பாத மருத்துவர்கள். என் பார்வையில் இந்தத் துறையின் சிக்கல் ஆரம்பிப்பதும் இங்கேதான். மருத்துவரின் கேள்வி, “இந்தக் காலில் என்ன பிரச்சினை?” நீதிமன்றத்தின் கேள்வி, “இது யாருடைய கால்?” முதல் கேள்விக்கு முப்பது வருட அனுபவம் உள்ளவருக்கு இரண்டாவது கேள்விக்கும் அதே அனுபவம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அவரிடம் வந்தவர்கள் எல்லோரும் காலில் ஏதோ கோளாறு என்று வந்தவர்கள். தெருவில் போகும் சாதாரண மக்களில் எத்தனை பேருக்கு அதே மாதிரி நடை என்பது அவருடைய நோயாளிக் குறிப்பேட்டில் இருக்காது.

லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 2000-ஆம் ஆண்டு நடந்த ஒரு நகைக்கொள்ளை வழக்கில் பாத மருத்துவர் ஹேடன் கெல்லி சாட்சியம் அளித்தார். நடைப் பகுப்பாய்வு நிபுணர் சாட்சியமாக ஏற்கப்பட்ட முதல் குற்ற வழக்கு என்று இதைத்தான் பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். காட்சியில் இருந்தவருக்கும் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் வளைந்த கால்கள். அப்படிப்பட்ட நடை பிரிட்டனில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே இருக்கும் என்றார் அவர். தண்டனை கிடைத்தது.

5 சதவீதம் என்பது கேட்க அபூர்வமாகத்தான் தோன்றும். ஆனால் பத்து லட்சம் பேர் உள்ள ஒரு நகரத்தில் 5 சதவீதம் என்றால் 50,000 பேர். வேறு ஆதாரம் எதுவுமே இல்லாமல் இது ஒன்றை மட்டும் கையில் வைத்திருந்தால், குற்றம்சாட்டப்பட்டவர் அந்த 50,000 பேரில் ஒருவர் என்பதைத் தவிர எதுவும் தெரிந்திருக்காது. வேறு ஆதாரங்கள் ஏற்கெனவே பத்துப் பேராகச் சுருக்கிவிட்டன என்றால் கதை வேறு. அப்போது இதே 5 சதவீதம் மிகப் பெரிய உதவி. ஒரே தகவல், ஒரே நடை. அதன் எடை அது யார் யாருக்கு நடுவே வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது.

இங்கே ஒரு குறுக்குவழி ஆசை வரும். வளைந்த கால் 5 சதவீதம், வெளிப்பக்கம் திரும்பிய பாதம் 10 சதவீதம், வீசாத இடது கை 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்தவை). மூன்றையும் பெருக்கினால் இரண்டாயிரத்தில் ஒருவர்! ஆனால் அப்படிப் பெருக்கக் கூடாது. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத அம்சங்களைத்தான் பெருக்கலாம். உடம்பில் அப்படியா இருக்கிறது? தொடை எலும்பு வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் பாதமும் சேர்ந்து திரும்பும். ஒரு காலை இழுத்து நடப்பவரின் எதிர்ப்பக்கக் கையும் வேறு மாதிரிதான் வீசும். மூன்று அம்சங்கள் என்று எண்ணியது உண்மையில் ஒரே காரணத்தின் மூன்று முகங்களாக இருக்கலாம்.

வீடியோ செய்யும் குளறுபடிகள்

இதுவரை சொன்னதில் வீடியோ தெளிவாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டோம். நிஜத்தில் கிடைப்பது எது என்று யோசியுங்கள். கேமரா கூரையோரத்தில் மாட்டியிருக்கும். அதற்குத் தெரிவது தலையும் தோளும்தான். முழங்காலும் பாதமும் உடம்பின் மறைவில் போய்விடும், அல்லது மேலிருந்து பார்ப்பதால் குறுகித் தெரியும். நேர் எதிரே இருந்து எடுத்தால் பாதம் திரும்பியிருப்பது தெரியும், அடியெடுத்து வைக்கும் தூரம் தெரியாது. பக்கவாட்டில் இருந்து எடுத்தால் நேர்மாறு.

அப்புறம் வேகம். ஒரு சுழற்சிக்கு ஒரு நொடி என்று பார்த்தோம். நொடிக்கு 25 ஃபிரேம் பதிவாகும் கேமராவில் ஒரு சுழற்சிக்கு 25 படங்கள் கிடைக்கும், பரவாயில்லை. சேமிப்பிடம் மிச்சம் பிடிக்க நொடிக்கு ஐந்து ஃபிரேம் என்று வைத்திருந்தால் ஐந்தே படங்கள். குதிகால் தரையைத் தொடும் அந்தக் கணம் இரண்டு படங்களுக்கு நடுவே விழுந்து காணாமல் போய்விடும். அப்போது நிபுணர் பார்ப்பது நடையை இல்லை, நடையின் சில புகைப்படங்களை. இதோடு ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் பதிவாகாமல் தடுமாறினால், நொண்டாத ஆளும் நொண்டுவது போலத் தெரிவார். வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது அகலம் இழுபட்டுவிட்டால் ஒல்லியானவர் குண்டாகிவிடுவார், கால்களுக்கு இடையே உள்ள தூரம் கூடிவிடும். அகலக்கோண லென்ஸின் ஓரத்தில் நேரான காலே வளைந்து தெரியும். வளைந்த காலை வைத்து ஆளைப் பிடிக்கும் வழக்கில் இது சின்ன விஷயமா?

நடப்பவரின் பக்கமும் இருக்கிறது. ஒரே ஆள்தான் என்றாலும் காலணி மாறினால் நடை மாறும், கையில் சுமை இருந்தால் மாறும். ஏற்றம், இறக்கம், ஈரத் தரை, அவசரம், குடி, முதுகுவலி எல்லாம் அதை மாற்றும். குற்றம் நடந்த அன்று எடுத்த காட்சிக்கும் கைதான பின் எடுத்த காட்சிக்கும் நடுவே மாதங்கள் ஓடியிருக்கலாம். அதைவிட முக்கியம், தன் நடையைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்த ஆளால் இயல்பாக நடக்கவே முடியாது. மேடையில் பரிசு வாங்கப் போகும்போது நம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்போமே, அது மாதிரி. அதனால்தான் “இங்கிருந்து அங்கே நடந்து காட்டு” என்று சொல்லி எடுக்கும் வீடியோவைவிட, காவல் நிலையத் தாழ்வாரத்தில் வழக்கமாக ஓடும் கேமராவில் பதிவானதை நிபுணர்கள் விரும்புகிறார்கள்.

வேண்டுமென்றே நடையை மாற்றினால்? நொண்டுவது சுலபம். காலணிக்குள் ஒரு கூழாங்கல் போட்டால் போதும் என்பார்கள். ஆனால் முன்னே பின்னே பார்த்துக்கொண்டு, பயத்தோடு, நூறு மீட்டருக்கு அதை ஒரே சீராக நொண்டுவது சுலபம் இல்லை. கவனம் கொஞ்சம் சிதறினால் கால் பழைய வழிக்கே போகும். இன்னொருவரின் நடையை அப்படியே பிடிப்பது அதைவிடக் கடினம். அன்னநடை பழகப் போன காக்கையின் கதைதான், உள்ள நடையும் போய்விடும். ஆனால் நடையைக் கெடுத்துக்கொள்வதே குற்றவாளிக்குப் போதுமே! அவன் அன்னமாக வேண்டியதில்லை, காக்கையாகத் தெரியாமல் இருந்தால் சரி.

நிபுணர் எப்படி வேலை செய்ய வேண்டும்

ஒழுங்காகச் செய்பவர் முதலில் குற்றக் காட்சியை மட்டும் பார்ப்பார். இதை வைத்து எதையாவது சொல்ல முடியுமா என்பதே முதல் முடிவு. தரம் போதாது என்று திருப்பி அனுப்புவதும் ஒரு நியாயமான அறிக்கைதான். பிறகு அந்தக் காட்சியில் தெரியும் அம்சங்களையும், தெரியாத அம்சங்களையும் எழுதி முடிப்பார். அதற்குப் பிறகுதான் சந்தேக நபரின் வீடியோவைத் திறக்க வேண்டும். ஏன் இந்த வரிசை? சந்தேக நபரை முதலில் பார்த்துவிட்டால், அவரிடம் கண்ட வளைந்த முழங்கால் அடுத்த மங்கலான வீடியோவிலும் ‘தெரிய’ ஆரம்பித்துவிடும். மேகத்தில் யானை பார்ப்பது போல. “இவன் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டான் சார்” என்று யாராவது காதில் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஒற்றுமைகளைப் போலவே வேற்றுமைகளையும் எழுத வேண்டும். வேற்றுமைக்குக் காரணம் சொல்வது இங்கே மிகச் சுலபம் என்பதால் இதை வலியுறுத்துகிறேன். ஒத்துப்போனால் “அவரேதான்”, ஒத்துப்போகாவிட்டால் “அன்று வேறு செருப்பு போட்டிருப்பார்” என்றால் அந்தச் சோதனையில் யாருமே தோற்க மாட்டார்கள்.

டென்மார்க்கின் ஆல்போர்க் நகரில் 2004-ல் நடந்த ஒரு வங்கிக் கொள்ளையில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத் தடய மருத்துவக் குழு செய்த வேலையை இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். காட்சியில் இருந்தவரின் பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பியிருந்தன, எடை ஏறும்போது இடது கணுக்கால் பக்கவாட்டில் சரிந்தது. சந்தேக நபரின் நடையையும் பதிவு செய்து, மூட்டு மூட்டாக ஒப்பிட்டார்கள். நடையோடு நிற்காமல் காட்சியிலிருந்து உடல் அளவுகளைக் கணக்கிடும் முறையையும் அந்தக் குழு சேர்த்தே பயன்படுத்தி வந்தது.

இந்தியாவிலும் இது நுழைந்துவிட்டது. 2017 செப்டம்பர் 5-ஆம் தேதி பெங்களூரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் கொல்லப்பட்ட வழக்கில், அவர் வீட்டுக் கேமராவில் பதிவான காட்சியை ஒப்பிட கர்நாடகச் சிறப்புப் புலனாய்வுக் குழு குஜராத் தடயவியல் ஆய்வகத்தின் உதவியை நாடியது. குற்றவியல் அடையாளங்களைச் சேகரிப்பது பற்றிய 2022-ஆம் ஆண்டின் சட்டம் கைரேகை, கால்தடம், கருவிழி ஆகியவற்றோடு கையெழுத்து போன்ற ‘நடத்தை சார்ந்த அம்சங்களையும்’ பட்டியலிடுகிறது. நடை என்ற சொல் அதில் தனியாக இல்லை.

அனுபவம் உள்ளவர்கள் எவ்வளவு சரியாகச் சொல்கிறார்கள்? 2013-ல் பிரிட்டனில் ஐவன் பர்ச் குழு வெளியிட்ட ஆய்வில், நடைப் பகுப்பாய்வில் அனுபவம் உள்ள ஏழு பேருக்குச் சிசிடிவி பாணிக் காட்சிகளைக் கொடுத்தார்கள். சரியான முடிவுகள் 71 சதவீதம். குருட்டாம்போக்கைவிட மிக நல்ல மதிப்பெண்தான். பத்தில் மூன்று முறை தவறுவதும் அதே மதிப்பெண்தான். அவர்களுக்குக் கிடைத்தது கட்டுப்பாடான சூழலில் எடுத்த வீடியோ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-ல் ஆட்வே என்ற வழக்கில் நடைச் சாட்சியத்தை ஏற்றது சரியே என்று தீர்ப்பளித்தது. ஆனால் இதை எல்லா வழக்குக்குமான பொது அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் எச்சரித்தது. 2017-ல் லண்டன் ராயல் சொசைட்டியும் எடின்பரோ ராயல் சொசைட்டியும் சேர்ந்து நீதிபதிகளுக்காக ஒரு கையேட்டை வெளியிட்டன. இந்தத் துறைக்கு உள்ள அறிவியல் ஆதாரம் மிக மிகக் குறைவு என்று அதில் ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருக்கிறது. நடை ஆளுக்கு ஆள் தனித்துவமானது என்பதற்குச் சான்று இல்லை. எந்த அம்சம் எத்தனை பேருக்கு உண்டு என்ற நம்பத்தக்க தரவுத்தளமும் இல்லை. அதாவது அந்த 5 சதவீதம் மாதிரியான எண்களுக்கு அடியில் தரையே இல்லை.

இயந்திரத்திடம் கொடுத்தால்?

கண்ணை நம்ப முடியாது என்றால் கணினியை நம்பலாமே என்று தோன்றும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான தார்பா, 2000-ஆம் ஆண்டு வாக்கில் தூரத்திலிருந்தே ஆளை அடையாளம் காணும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதையொட்டித் தென் புளோரிடா பல்கலைக்கழகம் 122 பேரை வெட்டவெளியில் நடக்கவைத்துப் படமெடுத்தது. 2005-ல் வெளியான முடிவு சுவாரஸ்யமானது. எளிதான சோதனையில் அடிப்படை நிரல் 78 சதவீதம் சரியாகச் சொன்னது. தரை, காலணி, நாள் என்று பல விஷயங்கள் ஒன்றாக மாறிய கடினமான சோதனையில் 3 சதவீதம்.

இந்த நிரல்கள் பெரும்பாலும் நிழலுருவத்தை வைத்து வேலை செய்கின்றன. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆளைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்து வெள்ளை உருவமாக்குவார்கள். ஒரு சுழற்சியின் உருவங்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால், அசையாத உடம்பு பளிச்சென்றும் வீசும் கைகால்கள் மங்கலாகவும் ஒரே படம் கிடைக்கும். 2006-ல் வந்த இந்த உத்தி பல வருடங்கள் கோலோச்சியது. இதில் ஒரு மறைமுகச் சிக்கல் உண்டு. அந்த வெள்ளை உருவத்தில் நடை மட்டுமா இருக்கிறது? தோள் அகலம், தொப்பை, முடி, சட்டையின் வெட்டு எல்லாம் இருக்கிறது. ‘நடையை அடையாளம் காண்கிறது’ என்று சொல்லப்படும் நிரல் பாதி நேரம் சட்டையை அடையாளம் கண்டுகொண்டிருக்கலாம்.

ஏராளமான படங்களைப் பார்த்துக் கணினி தானே கற்றுக்கொள்ளும் ஆழ்கற்றல் முறை வந்த பிறகு எண்கள் ஏறின. சீன அறிவியல் கழகம் 124 பேரை 11 கோணங்களில் எடுத்த பிரபலமான தரவுத்தொகுப்பில், 2019-ல் வந்த கெயிட்செட் என்ற நிரல் சாதாரண நடையில் 95 சதவீதம் எட்டியது. அதே ஆட்கள் பை மாட்டிக்கொண்டபோது 87, கோட் போட்டபோது 70. இதே நிரலை ஒரு பல்பொருள் அங்காடியில் நிஜமாக நடமாடிய 4,000 பேரின் காட்சிகளில் 2022-ல் சோதித்தபோது 37 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. வழி முழுக்க வளைந்து, தள்ளுவண்டியை உருட்டி, அலமாரிக்கு முன்னால் நின்று நின்று போகிறவர்களிடம் ஆய்வகத்து நடையை எதிர்பார்த்தால் எப்படி? புதிய நிரல்கள் இதைவிட நன்றாகச் செய்கின்றன. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் நடையைச் சேகரித்திருக்கிறது, குற்றப் புலனாய்வுக்கென்றே ஒரு ஒப்பீட்டு அமைப்பையும் 2013-ல் வெளியிட்டது. சீனாவில் வாட்ரிக்ஸ் என்ற நிறுவனம் 50 மீட்டர் தூரத்திலிருந்தே, முகம் தெரியாவிட்டாலும், 94 சதவீதம் சரியாகச் சொல்வோம் என்று 2018-ல் அறிவித்தது. எண் அந்த நிறுவனமே சொன்னது.

இந்தச் சதவீதங்களைப் படிக்கும்போது ஒரு நுணுக்கத்தை நினைவில் வையுங்கள். பொதுவாக இந்தச் சோதனைகளில் தேடப்படும் ஆள் பட்டியலில் நிச்சயம் இருப்பார். 124 பேரில் இவர் யார் என்பதுதான் கேள்வி. குற்ற வழக்கில் அந்த உத்தரவாதம் கிடையாது. உண்மையான ஆள் காவல்துறையின் பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம். அப்போதும் நிரல் வரிசைப்படுத்திக் கொடுக்கும், அந்த வரிசையில் முதலிடத்தில் ஒருவர் இருந்தே தீருவார். பரீட்சையில் எல்லோரும் தோற்றாலும் முதல் மதிப்பெண் ஒருவருக்கு இருக்குமே, அப்படி.

நடை உருப்படியாக உதவும் இடம் பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கிறது. காட்சியில் இருப்பவர் இரண்டு முழங்காலையும் தாராளமாக மடக்கிப் படியேறுகிறார், சந்தேக நபருக்கோ பல வருடங்களாக வலது முழங்கால் மடங்காது என்றால், கோளாறு இல்லாத நடையை யாராலும் நடித்துக் காட்ட முடியாது. ஒருவரை வழக்கிலிருந்து விடுவிக்க அந்த ஒரு வேற்றுமை போதுமானதாக இருக்கலாம். மாறாக, சந்தேக நபர் நொண்டுகிறார், காட்சியில் இருப்பவர் நொண்டவில்லை என்றால், அந்த நொண்டல் எப்போதிலிருந்து என்று முதலில் கேட்க வேண்டும். கைதுக்கு முந்தைய வாரம் சுளுக்கிய காலாக இருந்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. அதனால்தான் இப்படிப்பட்ட வழக்கில் அனுபவமுள்ள வழக்கறிஞர் நிபுணரின் அறிக்கையைப் படிக்கும் முன்பே, கட்சிக்காரரின் பழைய வீடியோ ஏதாவது வீட்டாரின் போனில் இருக்கிறதா என்று கேட்பார். யாரும் கேமராவை நினைக்காமல் நடந்த வீடியோவாகவும், சம்பவத்துக்கு முந்தைய தேதியில் எடுத்ததாகவும் இருந்தால் அவருக்கு அதுவே போதும்.